செஸ்ஸில் தொடக்கநிலையைத் தாண்டுவது எப்படி? ஏழு நகர்வில் தோற்ற ஆட்டத்தை வைத்து ஒரு விவாதம்

மழைக்குருவி:
வணக்கம் நண்பர்களே. சில மாதங்களாகச் செஸ் ஆடுகிறேன். காய்கள் நகரும் விதம், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது), ஆன் பாஸான் (சிப்பாயின் சிறப்பு வெட்டு) எல்லாம் தெரியும். காணொளிகள் நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, ஆடும்போது ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. ரேட்டிங்கும் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) நகரவே இல்லை. நேற்று வெள்ளையில் ஆடித் தோற்ற ஆட்டம் இது (முதலில் என் நகர்வு, அடுத்து எதிராளியுடையது; கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை):

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. பிஷப் சி4 – குதிரை டி4
4. குதிரை இ5-ஐ வெட்டியது – ராணி ஜி5
5. குதிரை எஃப்7-ஐ வெட்டியது – ராணி ஜி2-ஐ வெட்டியது
6. யானை எஃப்1 – ராணி இ4-ஐ வெட்டி செக்
7. பிஷப் இ2 – குதிரை எஃப்3, செக்மேட்

இந்த மாதிரிப் பொறிகள் எத்தனை இருக்கின்றன? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா? எந்த ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை) படித்தால் பாதுகாப்பு?

எஃப்7காவல்:
இது பழைய பொறி, பலர் இதில் விழுந்திருக்கிறார்கள். விடை சுலபம். நான்காவது நகர்வில் சிப்பாயைத் தொடாதீர்கள். உங்கள் எஃப்3 குதிரையால் டி4 குதிரையை வெட்டுங்கள். அவர் சிப்பாயால் திருப்பி வெட்டுவார். அப்புறம் நீங்கள் காஸ்லிங் செய்துகொள்ளலாம். அவர் பக்கம் ஒரு காய்கூட வெளியே வந்திருக்காது. இதை ஒரு முறை பார்த்து வைத்தால் போதும், மறுபடி விழ மாட்டீர்கள்.

நிதானம்:
மேலே சொன்ன விடை சரியானதுதான். ஆனால் ஓபனிங் தெரியாததால் இந்த ஆட்டம் தோற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் மழைக்குருவி. அப்படி எடுத்துக்கொண்டால் அடுத்த வாரம் வேறொரு பொறி, அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று என்று முடிவே இருக்காது.

நான்காவது நகர்வுக்கு முன்னால் பலகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எதிராளி ஒரே குதிரையை இரண்டாம் முறை நகர்த்தியிருக்கிறார். அந்தக் குதிரைதான் இ5 சிப்பாய்க்கு இருந்த ஒரே காவல், அது விலகிவிட்டது. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்று ஆராய வேண்டியதில்லை. "இதை நான் வெட்டினால் அவருக்கு என்ன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் கொடுக்கக்கூடிய செக்குகள், வெட்டக்கூடிய காய்கள், ராணி பாயக்கூடிய இடங்கள், இவற்றை வரிசையாகப் பார்த்தால் ராணி ஜி5 கண்ணில் பட்டுவிடும். அங்கிருந்து ராணி இ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒன்றாகத் தாக்குகிறது. ஜி2 போனால் அடுத்தது எச்1 யானை.

ஐந்தாவது நகர்வுதான் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். எஃப்7-க்குப் போன குதிரை ராணியையும் எச்8 யானையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஃபோர்க் கண்ணில் பட்டிருக்கிறது, அது நல்ல அறிகுறி. ஆனால் தாக்கப்பட்ட ராணி சும்மா ஓட வேண்டியதில்லை. ஒரு சிப்பாயை வெட்டிக்கொண்டே விலகி, உங்கள் யானையை மிரட்டவும் முடியும். அந்த இடத்தில் குதிரைக்குப் பதில் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் கொடுத்துவிட்டு, அடுத்து காஸ்லிங் செய்திருக்கலாம். குதிரை போகும், ஆனால் கையில் இரண்டு சிப்பாய் இருக்கும். அவருடைய ராஜா காஸ்லிங் உரிமையை இழந்து நடுவில் நிற்கும். ஆட வேண்டிய ஆட்டம் மிச்சமிருக்கும்.

கடைசி நகர்வையும் பார்த்துவிடுவோம். எஃப்3-க்கு வந்த குதிரையை இ2 பிஷப் ஏன் வெட்ட முடியவில்லை? இ4-ல் நிற்கும் ராணி அதை நகர விடாமல் கட்டிப்போட்டிருக்கிறது, இதற்குப் பெயர் 'பின்'. பிஷப் நகர்ந்தால் உங்கள் ராஜாவுக்கே செக். ராஜாவைச் சுற்றியுள்ள மற்ற கட்டங்களையெல்லாம் உங்கள் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஆறாவது நகர்வுக்குப் பிறகு பிஷப்புக்குப் பதில் ராணியை இ2-ல் வைத்திருந்தாலும் டி4 குதிரை அதை வெட்டிவிடும்.

ஆக, ஏழு நகர்வில் ஃபோர்க், 'பின்', குதிரையால் அடைத்துப் போடும் மேட் மூன்றும் வந்துவிட்டன. மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த வரிசை இல்லை. எதிராளி ஒவ்வொரு முறை ஆடியதும் கேளுங்கள்: இது எதைத் தாக்குகிறது, எதைக் காவலில்லாமல் விட்டது? நீங்கள் ஆடுவதற்கு முன் கேளுங்கள்: நான் வைக்கும் இடத்தில் வெட்டுப்படுமா, நான் விலகுவதால் எது காவல் இழக்கும்? தொடக்கநிலையில் பெரும்பாலான ஆட்டங்கள் முடிவாவது இந்தக் கேள்விகளில்தான்.

கரும்பிஷப்:
நிதானம் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. பத்து நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் இத்தனை கேள்வி கேட்டால் நேரம் பத்தாது. அதனால்தான் லண்டன் என்ற ஓபனிங் மாதிரி ஓர் அமைப்பைப் பழகச் சொல்கிறேன். டி4, பிஷப் எஃப்4, இ3, குதிரை எஃப்3, சி3. எதிராளி என்ன செய்தாலும் முதல் சில நகர்வுகள் ஒரே மாதிரிதான். அங்கே மிச்சமாகும் நேரத்தை நடு ஆட்டத்தில் செலவழிக்கலாம்.

வெண்பனி:
"எதிராளி என்ன செய்தாலும்" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை கரும்பிஷப். லண்டன் நல்ல ஓபனிங், பெரிய ஆட்டக்காரர்களும் ஆடுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் இருப்பவருக்குப் பார்க்காமலே ஆடும் பழக்கத்தை அது கொடுத்துவிடும். கறுப்பு சி5 ஆடி, ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? உங்கள் சி1 பிஷப் எஃப்4-க்குப் போய்விட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. எதிராளி ஆடியதைப் பார்க்காமல் அடுத்த நகர்வை வைத்தால் பி2 போய்விடும்.

மழைக்குருவி ஆடிய முதல் மூன்று நகர்வுகளும் அருமையானவை. இத்தாலியன் ஓபனிங்கேதான். நடுக்கட்டத்தில் சிப்பாய், குதிரை வெளியே, பிஷப் வெளியே, அடுத்து காஸ்லிங். இப்போதைக்கு இதற்கு மேல் ஓபனிங் தேவையில்லை என்பேன். ராணியை முதலிலேயே இறக்குபவர்களைச் சமாளிப்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் கறுப்பு, 1. இ4 இ5 ஆனதும் 2. ராணி எச்5 என்று வருகிறார் என்று வையுங்கள். பதறிப்போய் ஜி6 தள்ளினால் ராணி இ5-ஐ வெட்டி செக் கொடுத்து, அடுத்து எச்8 யானையையும் எடுத்துவிடும். முதலில் குதிரை சி6 வைத்து இ5-ஐக் காத்துக்கொள்ளுங்கள். அவர் பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்து எஃப்7-ல் மேட் மிரட்டும்போது ஜி6. ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7-ஐக் குறிவைத்தால் குதிரை எஃப்6. அவ்வளவுதான். அவர் ராணியை அலையவிட்ட நேரத்தில் உங்கள் காய்கள் நல்ல இடங்களுக்கு வந்துவிடும்.

யானைவரிசை:
நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். மழைக்குருவி, அந்த ஆட்டம் முடிந்தபோது உங்கள் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம்?

மழைக்குருவி:
பத்து நிமிட ஆட்டம். ஒன்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது.

யானைவரிசை:
எதிர்பார்த்ததுதான். கரும்பிஷப் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நேரம் போதாமல் யாரும் இங்கே தோற்கவில்லை, இருந்த நேரம் தொடப்படாமலே கிடந்தது. இனி ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் வேகம்தான் காரணம், வேறெங்கும் தேட வேண்டாம்.

கொஞ்ச காலம் சில நிமிடங்களே தரும் பிளிட்ஸ், புல்லட் ஆட்டங்களைத் தள்ளி வையுங்கள். 15 நிமிடம், நகர்வுக்கு 10 வினாடி கூடுதல் என்ற கணக்கு தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். அந்த 10 வினாடி இருப்பதால் கடைசியில் கடிகாரத்துக்குப் பயந்து கண்டபடி ஆட வேண்டியதில்லை. வேகமான ஆட்டம் தவறானது என்று சொல்லவில்லை. கண்ணுக்குப் பழகியதை வேகமாகச் செய்யத்தான் அது உதவும். பழக்கமே இன்னும் உருவாகாதபோது, அவசரத்தில் செய்கிற பிழைகள்தான் பழக்கமாகும்.

கரும்பிஷப்:
சரி, ஒன்பது நிமிடம் மிச்சம் என்றால் என் வாதம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே ஓபனிங்கைத் தொடர்ந்து ஆடுவதில் பலன் உண்டு. ஒரே மாதிரி நிலைகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றில் எது ஆபத்து, எது வாய்ப்பு என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும். அது இத்தாலியனாகவே இருக்கட்டும், வாரம் ஒன்றாக மாற்றாதீர்கள்.

வெண்பனி:
அதில் எனக்கு முழுச் சம்மதம்.

எஃப்7காவல்:
பஸில் (ஒரு நிலையைக் கொடுத்துச் சிறந்த நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்) பற்றி யாரும் பேசவில்லையே. தினமும் பஸில் போடாமல் முன்னேற்றம் கிடையாது. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையைச் சில வினாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், தொடக்கநிலைக்காரர் கொஞ்சம்தான் வைத்தார். அதே காய்களைக் கண்டபடி சிதறி வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் அந்தப் பெரிய சாதகம் காணாமல் போனது. அதாவது மாஸ்டருக்கு இருப்பது பொதுவான ஞாபகசக்தி இல்லை. காய்கள் சேர்ந்து நிற்கும் வடிவங்கள் அவர் மனதில் ஏறியிருக்கின்றன. அந்த வடிவங்களை ஏற்றிக்கொள்ள பஸிலை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நகர்வு மேட், இரண்டு நகர்வு மேட், ஃபோர்க், 'பின்', ஸ்கியூவர் (முன்னால் உள்ள பெரிய காயை விலக வைத்துப் பின்னால் உள்ளதை வெட்டுவது), விலகித் தாக்குதல் (ஒரு காய் விலகி அதன் பின்னால் உள்ள காய்க்கு வழிவிடுவது), கடைசி வரிசை மேட். இந்த வரிசையில் போங்கள். லிச்செஸ் என்ற இணையதளத்தில் தலைப்பு வாரியாகப் பிரித்து இலவசமாகவே இருக்கிறது.

மழைக்குருவி:
பஸில் போடுகிறேன். என் பஸில் ரேட்டிங் ஆட்ட ரேட்டிங்கை விட ரொம்ப அதிகம். அதனால்தான் குழப்பமாக இருக்கிறது.

நிதானம்:
அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும், இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆனால் அதற்குள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பஸில் திறந்ததுமே "இங்கே ஏதோ இருக்கிறது" என்று உங்களுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. யார் பக்கம் என்பதும் தெரியும். உண்மையான ஆட்டத்தில் அப்படி மணி அடித்துச் சொல்ல யாரும் இல்லை. அங்கே பாதி நேரம் அந்த வாய்ப்பு எதிராளியுடையதாக இருக்கும். உங்கள் ஆட்டத்தில் ஃபோர்க் உங்களுக்குத் தெரிந்தது, அவருடைய பதிலடி தெரியவில்லை. பஸில் உங்களை அந்தப் பக்கம் மட்டும்தான் பழக்கியிருக்கிறது.

அதனால் இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். தலைப்பு வாரியாகக் கொஞ்சம் போட்டு வடிவங்கள் பழகியதும் கலவையாகப் போடுங்கள், என்ன வகை என்று முன்கூட்டியே தெரியக் கூடாது. அப்புறம், முதல் நகர்வைக் கண்டுபிடித்ததும் கை வைக்காதீர்கள். எதிராளியின் மிக வலுவான பதில் எது, அதற்கு உங்கள் பதில் எது என்று கடைசி வரை மனதில் ஆடிவிட்டுத் தொடுங்கள். குறைவாகப் போட்டாலும் பரவாயில்லை. நேரம் வைத்து ஓடுகிற பஸில் பந்தயங்கள் ஆசைக்கு எப்போதாவது சரி, அதையே பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எஃப்7காவல்:
கடைசி வரை மனதில் ஆடிவிட்டுத் தொடுவது, நல்ல பேச்சு. ஊகித்து முதல் நகர்வை வைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மழைக்குருவி:
தோற்ற ஆட்டங்களை எஞ்சினில் (நகர்வுகளை மதிப்பிடும் செஸ் கணினி நிரல்) போட்டுப் பார்ப்பது உண்டு. சிவப்பும் மஞ்சளுமாக நிறையக் குறி வருகிறது. எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நிதானம்:
எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு முறை ஆட்டத்தை ஓட்டிப் பாருங்கள், இது மிக முக்கியம். "இங்கே வரை நன்றாக இருந்தேன், இங்கேதான் கெட்டது" என்று ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டில்தான் அது நினைவிருக்கும். எஞ்சினுக்குச் சரியான நகர்வு தெரியும், நீங்கள் ஏன் தவறாக ஆடினீர்கள் என்பது தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எஞ்சினைத் திறங்கள். மதிப்பீட்டில் 1 என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம். 0.3, 0.5 என்று ஆடுகிற வித்தியாசங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், இந்தக் கட்டத்தில் அவை உங்கள் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரே நகர்வில் 2, 3 என்று குதித்த இடங்களை மட்டும் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் அப்படி இரண்டு மூன்று இடம்தான் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த வகை என்று எழுதி வையுங்கள்: காயைச் சும்மா விட்டது, எதிராளியின் மிரட்டலைப் பார்க்காதது, கிடைத்த வாய்ப்பைப் பார்க்காதது, நேர நெருக்கடி. கொஞ்ச ஆட்டங்கள் சேர்ந்ததும் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்து எதில் உழைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடும். வென்ற ஆட்டங்களையும் இப்படிப் பாருங்கள். எதிராளி தவறவிட்டதால் வென்ற ஆட்டங்கள் அதில் நிறைய இருக்கும்.

வெண்பனி:
ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தளத்து எண்ணை இன்னொரு தளத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள். லிச்செஸ்ஸில் எல்லாரும் 1500-இல் தொடங்குகிறார்கள், மற்ற இடங்களில் தொடக்கமே வேறு. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங் தனிக் கணக்கு. அதில் 2024 மார்ச்சிலிருந்து 1400-க்குக் கீழே ரேட்டிங்கே கிடையாது. எலோ என்ற ரேட்டிங் கணக்கு முறைப்படி உங்களை விட 200 புள்ளி அதிகமுள்ளவரோடு ஆடினால், நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு புள்ளிதான் எதிர்பார்க்கலாம். அப்படித் தோற்பதில் மனம் தளர ஒன்றுமில்லை. தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மூன்றாவதைக் கோபம்தான் ஆடும்.

கரும்பிஷப்:
காணொளிக்குப் பதில் பழைய ஆட்டங்களை நீங்களே நகர்த்திப் பாருங்கள் மழைக்குருவி. முதலில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் ஆடிய ஆட்டம். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும் சேர்ந்து யோசித்து ஆடினார்கள். மொத்தம் 17 நகர்வு. முடிவில் மார்ஃபி ராணியைக் கொடுத்து, யானையும் பிஷப்புமாக மேட் செய்கிறார். எல்லாரும் அந்த ராணியைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் நிற்பது எட்டாவது நகர்வில். பி7 சிப்பாய் வெட்டக் கிடைக்கிறது, மார்ஃபி எடுக்கவில்லை. எடுத்தால் கறுப்பு ராணி பி4-ல் செக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டு தப்பிவிடும். அவர் அமைதியாக இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவருகிறார். ஆட்டம் முடியும்போது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் பிறந்த இடத்தை விட்டு அசைந்திருக்காது. காய்களை வெளியே கொண்டுவா என்று ஏன் எல்லாரும் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரே ஆட்டத்தில் விளங்கிவிடும். ஒவ்வொரு நகர்வையும் மூடிவைத்து ஊகித்துப் பாருங்கள்.

மழைக்குருவி:
இப்போதே எடுத்துப் பார்க்கிறேன். எண்ட்கேம் (காய்கள் குறைந்த இறுதிக்கட்டம்) பற்றியும் யாராவது சொல்லுங்கள். முந்தாநாள் ராணி அதிகமாக இருந்தும் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியில்லாமல் டிரா) ஆகிவிட்டது.

யானைவரிசை:
எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உலக சாம்பியனாக இருந்த கபாபிளாங்கா எண்ட்கேமைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். காய்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றின் உண்மையான பலமும் தெளிவாகத் தெரியும்.

முதலில் உங்கள் ஸ்டேல்மேட். கறுப்பு ராஜா ஏ8 மூலையில், உங்கள் ராணி பி6-ல் நிற்கிறது என்று வையுங்கள். செக் இல்லை, ஆனால் ராஜாவுக்குப் போக இடமும் இல்லை. ராணி ராஜாவிலிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் நின்றால் ராஜாவின் இடம் சுருங்கிக்கொண்டே போகும். அதே தூரம் மூலையில் ஸ்டேல்மேட் ஆகிவிடும். ஆகவே எதிர் ராஜா ஓரத்துக்குப் போனதும், அதற்கு அசைய இரண்டு கட்டமாவது விட்டுவிட்டு ராணியை நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ராஜாவை நடத்திக் கூட்டிவாருங்கள். சரியாக ஆடினால் ராணியோடு பத்து நகர்வுக்குள்ளும், யானையோடு 16 நகர்வுக்குள்ளும் எந்த நிலையிலிருந்தும் மேட் செய்யலாம். 50 நகர்வு விதி (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்வு போனால்தான் டிரா) இருப்பதால் நிதானமாகச் செய்யவும் இடம் உண்டு. இவை இரண்டையும் கணினியோடு பழகிவிடுங்கள்.

அடுத்தது ராஜாவும் ஒரு சிப்பாயும். உங்கள் ராஜா இ6, சிப்பாய் இ5, எதிர் ராஜா இ8. இங்கே யார் ஆட வேண்டியிருந்தாலும் நீங்கள் வெல்வீர்கள். அவர் முறை என்றால் டி8-க்கு விலகுவார், உங்கள் ராஜா எஃப்7-க்குப் போய் சிப்பாய்க்கு வழிவிடும். உங்கள் முறை என்றால் ராஜா டி6, அவர் டி8. இப்போது சிப்பாயை இ6 தள்ளுங்கள். அவர் இ8, நீங்கள் இ7, அவர் எஃப்7, நீங்கள் ராஜா டி7. சிப்பாய் ராணியாவதை இனித் தடுக்க முடியாது.

இதையே சிப்பாய் முன்னாலும் ராஜா பின்னாலுமாக மாற்றிப் பாருங்கள். சிப்பாய் இ6, உங்கள் ராஜா இ5, எதிர் ராஜா இ7, அவர் ஆட வேண்டும். அவர் நேராக இ8-க்குப் பின்வாங்கினால் டிரா. நீங்கள் டி6 போனால் அவர் டி8. இ7 தள்ளி செக் கொடுத்தால் அவர் இ8. சிப்பாயைக் காக்க ராஜாவை இ6 கொண்டுவந்தால் ஸ்டேல்மேட். ஆனால் முதலில் நேராகப் பின்வாங்காமல் டி8 போயிருந்தால் அவர் தோற்பார். நீங்கள் டி6, அவர் இ8, சிப்பாய் இ7, அவர் எஃப்7, நீங்கள் டி7. ஒரே ஒரு கட்ட வித்தியாசம், அரைப் புள்ளி போய்விடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்கு அலுப்பதில்லை.

மழைக்குருவி:
பலகையில் வைத்து இரண்டையும் ஆடிப் பார்த்தேன். ராஜா முன்னால் போனால் வெற்றி என்பது புரிகிறது. எல்லா வரிசைச் சிப்பாய்க்கும் இது பொருந்துமா?

யானைவரிசை:
ஓரச் சிப்பாய்க்குப் பொருந்தாது. ஏ வரிசையிலோ எச் வரிசையிலோ சிப்பாய் இருந்தால், எதிர் ராஜா அந்த மூலைக்கு வந்து சேர்ந்தாலே டிரா. உங்கள் ராஜா முன்னால் நின்றாலும் அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது, பலகைக்கு வெளியே இன்னொரு வரிசை இல்லையே. அதனால் காய்களை மாற்றிக்கொண்டு எண்ட்கேமுக்கு இறங்கும் முன், கடைசியில் எந்தச் சிப்பாய் மிஞ்சும் என்று பாருங்கள். மற்ற வரிசைகளில் உங்கள் ராஜா ஆறாம் குறுக்கு வரிசையைப் பிடித்து, சிப்பாய் அதற்குப் பின்னால் இருந்தால் தைரியமாக இறங்கலாம். ஐந்தாம் குறுக்கு வரிசை என்றால் யார் ஆட வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.